சபாபதிக்குப் பதினாறு

மே 27, 1986. செவ்வாய்

இரண்டு வருடமாகத் தொடாத நோட்டை இன்று எடுத்தேன். எனக்குப் பயம் வந்தால்தான் எழுத வரும். அப்பா பாடசாலையில் தமிழ் வாத்தியார். டர்பனில் பிறந்த எனக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து இது. வெள்ளைக்காரப் போலீஸ் எடுத்துப் பார்த்தால் ஏதோ கோலம் என்று நினைத்து வைத்துவிடுவான்.

பயத்துக்குக் காரணம் மாதூபே. சட்டை ஃபேக்டரியில் ஒன்பது வருடமாக என் பக்கத்து மெஷின். நான் காலர் தைக்கிறேன், அவள் கை தைக்கிறாள். ஜூலு ஆட்கள் கல்யாணமானவளை அவள் அப்பன் வீட்டுப் பெயரோடு ‘மா’ சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவள் என்னை ‘சிசி’ என்பாள், அக்கா என்று அர்த்தம். நாங்கள் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி ஜூலு. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

சாப்பாட்டு வேளையில் சொன்னாள். “சிசி, வர்ற பதினாறாம் தேதி வந்தா பத்து வருஷம்.”

எனக்குத் தெரியும். அவளுடைய மூத்தவன் பெக்கி. படிக்கட்டும் என்று பதினாலு வயதில் சொவேட்டோவில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினாள். ஆப்பிரிக்கான்ஸ் என்கிற வெள்ளைக்காரப் பாஷையில் எங்களுக்குப் பாடம் வேண்டாம் என்று பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. அவன் கையில் நோட்டுப்புத்தகம் இருந்ததாம். புதைக்கும்போது பத்துப் பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றார்களாம். அவன் பெயரை ஒரு முறை நாலு பேர் முன்னால், மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. சர்ச்சில் கேட்டாள். பாதிரியார் பயந்துவிட்டார்.

வீட்டில் வந்து இதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இவர் யூனியன்காரர், சும்மா இருப்பாரா? “நம்ம ஊட்லயே வெச்சிக்கலாம், தெய்வானை” என்றார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி.

மே 29. வியாழன்

கூட்டம் கூடினால் பிடிக்கிறார்கள். இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்குப் பத்து ஆப்பிரிக்கப் பெண்கள் வந்தால் இரண்டு தெரு தாண்டித் தெரியும். சாவுக்கும் சாமிக்கும் மட்டும்தான் இன்னும் கேள்வி கேட்பதில்லை.

“அப்போ ஒரு சாவு வேணும்” என்றார் இவர்.

இவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இன்று ஒரு தம்பி பிறந்தான். பெயர் சபாபதி. நியூகாஸிலில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, நெஞ்சு நோவு. ஜூன் ஒன்றாம் தேதி சாவான். பதினாறாம் நாள் காரியம் சரியாக ஜூன் பதினாறில் வரும். கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். மடியில் கனம் இல்லாதவனுக்குத்தான் வழியில் பயம் இல்லை. கனத்தை இவரே தேடிப்போய் மடியில் கட்டுகிறார்.

ஜூன் 1. ஞாயிறு

சபாபதி செத்தான்.

அடுத்த வீட்டு ராஜம்மா வேலி ஓரமாகவே கேட்டாள். “என்னாடி, உங்க ஊட்டுக்காரருக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தானா? சொல்லவே இல்லியே?”

“பேச்சு வார்த்த இல்ல, அக்கா. பழைய சண்ட.”

அழ வேண்டியிருந்தது. வராது என்று நினைத்தேன், பெக்கியை நினைத்ததும் வந்துவிட்டது. ராஜம்மா புளிக்குழம்பு கொண்டுவந்து வைத்தாள். இல்லாதவனுக்காக அழுது, அதற்குக் கிடைத்த குழம்பில் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

ஜூன் 4. புதன்

காகிதம் கூடாது என்று முடிவு. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கையில் கிடைத்தால் எல்லோருக்கும் ஜெயில். அதனால் ஆளுக்குப் பத்துப் பெயர் மனப்பாடம். மாதூபேயோடு ஃபேக்டரிப் பெண்கள் பத்துப் பேர், என்னோடு பதினொரு பேர். என் பத்தை மாதூபே மெஷின் சத்தத்துக்கு நடுவில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு காலருக்கு ஒரு பெயர். காலரைத் திருப்பி நூலைக் கத்தரிப்பதற்குள் மூன்று முறை சொல்லிவிடலாம்.

சூப்பர்வைசர் வந்து, ஏன் வாய் அசைகிறது என்று கேட்டான். சாமி பாட்டு என்றேன். அப்புறம் ஐந்தாவது பெயர் மறந்துபோய் ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

ஜூன் 7. சனி

பெரிய சண்டை.

படையல் போட்டோ முன்னால்தானே போட வேண்டும்? சபாபதிக்குப் போட்டோ ஏது? இவர் பரணில் ஏறித் தன் பழைய போட்டோவை எடுத்துவந்தார். இருபத்து நாலு வயது, கோட்டு, அடர்ந்த முடி, இடது புருவத்தில் ஃபுட்பால் ஆடி வாங்கிய வெட்டு. இப்போது வழுக்கையும் தடிக் கண்ணாடியுமாக இருப்பவரைப் பார்த்தால் அது இவர்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதன் பின்னால் பெக்கியின் பள்ளிச் சீருடைப் போட்டோவை வைத்து, ஃப்ரேமின் முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார். முன்னால் இவர், பின்னால் அந்தப் பிள்ளை.

“உயிரோட இருக்கறவங்க போட்டோவுக்கு மாலை போடுவாங்களா? வேற எதனா தேடுங்க.”

“மாலை போட்டா செத்துருவனா? அப்படின்னா பிரசிடென்ட் போட்டோவுக்கு மொதல்ல போடுவோம்.”

“வாயக் கழுவுங்க. என் கையால நான் போட மாட்டேன்.”

“நீதான் போடணும். ஊட்டுப் பொம்பள போடாம ராஜம்மாவா போடுவா?”

எதைச் சொன்னாலும் சிரிப்பு. பிள்ளை குட்டி இல்லாத எனக்கு இந்த ஒரு மனுஷன்தான். அது இவருக்கு எங்கே புரிகிறது?

ஜூன் 11. புதன்

உளுந்து, வெல்லம், கற்பூரம் வாங்கினேன். பூக்காரியிடம் சாமந்தி சொல்லிவைத்தேன்.

ஜூன் 12. வியாழன்

காலை ஐந்தரைக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். நான்கு பேர். இவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளிக்க விட்டார்கள், அதுவே பெரிய புண்ணியம். ‘தணிகாசலம் படையாச்சி’ என்று பெயரைத் தப்புத் தப்பாகப் படித்து, ஆமாவா என்று கேட்டு, இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது தமிழில் சொன்னார்: “பயறு ஊறப் போட மறந்துறாத.” காரியத்தை நிறுத்தாதே என்று அர்த்தம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மத்தியானம் ரேடியோவில் நாடு முழுக்க அவசர நிலை என்றார்கள். யாரையும் பிடிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாமாம். டீ அடுப்பிலேயே பொங்கி வழிந்து கருகிக் கிடந்தது. சாயங்காலம்தான் பார்த்தேன்.

ஜூன் 13. வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றைத் தளம், முன்னால் ஒரு மேஜை, பின்னால் லாக்கப். மாற்றுச் சட்டையும் ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். மேஜையில் நம் ஆள் ஒருவர், கான்ஸ்டபிள் காத்தன். முப்பது வயது இருக்கும். தமிழில் பேசினதும் சுற்றிலும் பார்த்தார்.

“இங்கதான் இருக்காரு, அக்கா. நான் குடுத்துடறேன்.”

“அடிக்கறாங்களா, தம்பி?”

“போங்க அக்கா, நிக்காதீங்கோ.”

நல்ல மாதிரியா கெட்ட மாதிரியா என்று தெரியவில்லை. போட்டிருக்கிற சட்டை யாருடையது என்றுதானே பார்க்க வேண்டும்?

ஜூன் 14. சனி

பத்து மணிக்குப் போனேன். காத்தன் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பையன் பையை வாங்கிக்கொண்டு, இவர் வியாழக்கிழமை போட்டிருந்த சட்டையைக் கொடுத்தான். காலர் பட்டன் இரண்டும் இல்லை. முதுகில் பழுப்பாகக் கறை. லாக்கப் கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கும், சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். துரு என்றால் போயிருக்க வேண்டும். இன்னொரு தடவை ஊறவைக்க வேண்டும்.

ஜூன் 15. ஞாயிறு

காத்தன் இன்று பையை வாங்கவே இல்லை.

“வேற எடத்துக்கு மாத்திட்டாங்கோ.”

“எங்க?”

“தெரியாது.” என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும்போது கூப்பிட்டார். “அக்கா, ஊட்ல உங்ககூட யாராச்சும் இருக்காங்களா? நாளைக்கு யாராச்சும் வருவாங்களா?”

எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள்? ராஜம்மாவா? “யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாக வந்துவிட்டேன்.

மாதூபே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உடனே சொன்னாள். “வேணாம், சிசி. என் புள்ள பத்து வருஷம் காத்திருந்தான். இன்னும் காத்திருப்பான்.”

நான்தான் முடியாது என்றேன். தைரியத்தில் இல்லை. தெருவே நாளைக்குக் காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, இப்போது நிறுத்தினால் சபாபதி எங்கே என்று கேட்பார்கள். அப்புறம், பயறு ஊறப் போடச் சொல்லிவிட்டுப் போனாரே. போட்டுவிட்டேன்.

ஜூன் 16. திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சொவேட்டோ பிள்ளைகளின் நினைவுக்காக இன்று ஆப்பிரிக்கர் யாரும் வேலைக்குப் போகவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை. பெண்கள் பத்துப் பேரும் நடந்தே வந்தார்கள். வேலைக்காரிகள் மாதிரி ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒருவர் ஒருவராக, ஆளுக்கொரு பாத்திரத்தோடு. வாழையிலை போட்டேன். பயறு, வடை, கத்தரிக்காய், பூசணிக்காய். மாதூபே தன் பாத்திரத்தைத் திறந்து சோள மாவுக் களியும் புளித்த பாலும் வைத்தாள். பெக்கிக்குப் பிடித்தது. எங்கள் இலையில் இதெல்லாம் வைக்கலாமா என்று கேட்டாள். செத்தவங்களுக்குப் பிடிச்சதைத்தான் வைக்கணும், தாராளமா வை என்றேன்.

கடைசியில் மாலை. முருகா, இது அவருக்கு இல்லை, பின்னால் இருக்கிற பிள்ளைக்கு, உனக்குத் தெரியும் என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போட்டேன். இவர் ஃப்ரேமுக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பெயர்களைத் தொடங்கினோம். பள்ளிப் பிள்ளைகள் என்பதால் வகுப்பில் ஆஜர் எடுப்பது போலச் சொல்வது என்று மாதூபேயின் யோசனை. ஒருத்தி பெயர் சொல்வாள். மற்றவர்கள் தாழ்ந்த குரலில் ‘உக்கோனா’ என்போம். ‘இருக்கிறான்’ என்று அர்த்தம். பெயர், உக்கோனா. பெயர், உக்கோனா. என் பத்தையும் ஒன்றுகூட மறக்காமல் சொன்னேன். சமையலறையில் இத்தனை பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அது பயமாக இல்லை. இன்று முழுக்கப் பயமில்லாமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

எழுபது பெயர் தாண்டியிருக்கும். வாசலில் வண்டி நின்றது.

ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட். இந்த ஊர்க்காரன் இல்லை, அவசர நிலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவன். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். அப்புறம் காத்தன். அவரைப் பார்த்ததும், சரி, நேற்றுக் கேட்டதற்கு இதுதான் அர்த்தம், முடிந்தது என்று நினைத்தேன்.

“என்ன கூட்டம் இது?”

“காரியம், சார். செத்துப் பதினாறாம் நாள்.”

“இவங்களுக்கு என்ன வேலை?”

மாதூபே தலை குனிந்தபடி சொன்னாள். “ஒரே ஃபேக்டரி, பாஸ். துக்கத்துக்கு வந்தோம்.”

அவன் ஷூ காலோடு இலைகிட்ட வந்து ஃப்ரேமைத் தூக்கினான். முன்னால் பார்த்தான். திருப்பினான். பழுப்புக் காகிதத்தில் நகத்தை வைத்தான். மாதூபே என் கையைப் பிடித்தாள். அப்போது காத்தன் குறுக்கே வந்தார். “சார், நான் பார்க்கறேன். இதை ஷூவோட தொட்டா இவங்க கத்துவாங்க, தெருவே கூடிடும்.” வாங்கிக்கொண்டார்.

வாங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். போட்டோவையே பார்த்தார். அவர் விரல் தானாகப் போய்த் தன் இடது புருவத்தைத் தொட்டது. கண்டுபிடித்துவிட்டார்.

“யாருக்கா இது?” தமிழில்தான் கேட்டார்.

“என் கொழுந்தனாரு. சபாபதி.”

என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லெப்டினன்ட் பொறுமை இழந்து கத்தினான். “என்ன? இந்த ஆள் செத்தது உண்மையா இல்லையா?”

“உண்மை, சார்” என்றார் காத்தன். “இந்த ஆளு செத்துட்டாரு. எனக்குத் தெரியும்.”

ஃப்ரேமை இரண்டு கையாலும் இருந்த இடத்தில் வைத்தார். “கற்பூரம் யாருக்கா காட்டறது?”

“ஆம்பள யாரும் இல்ல, தம்பி.”

தொப்பியைக் கழற்றினார். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, கற்பூரம் ஏற்றிக் காட்டி, தரையில் விழுந்து கும்பிட்டார். வெள்ளைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுந்தபோது காத்தன் கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை. போய்விட்டார்கள்.

வண்டிச் சத்தம் மறையும்வரை யாரும் அசையவில்லை. அப்புறம் மாதூபே நிமிர்ந்து, மீதிப் பெயர்களையும் சொல்ல வைத்தாள். கடைசியாக அவளே சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல். “பெக்கி.”

உக்கோனா என்றோம். அவள் உட்கார்ந்து இலையில் இருந்த களியை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

ஜூன் 17. செவ்வாய்

விடிந்ததும் முதல் வேலை, மாலையைக் கழற்றிச் செடிக்குப் போட்டேன். சந்தனத்தைத் துடைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று போட்டோவிடம் சொல்லிவிட்டு ஹாலில் சுவரில் மாட்டினேன்.

காத்தனை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இவரை அடையாளம் தெரிந்தும், தம்பியே கிடையாது என்று புரிந்தும், வேலை போகும் என்று தெரிந்தும் எவ்வளவு பெரிய பொய்! விழுந்து வேறு கும்பிட்டார். நாடகக் கம்பெனியில் இருக்க வேண்டிய ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான், அந்த நல்ல பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேன். இவர் வந்ததும் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

கறை போகவில்லை.

ஜூன் 18. புதன்

குளிருக்குக் கம்பளி பனியன் எடுத்துக்கொண்டு போனேன். காத்தன் லீவு. இவர் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்கிறார்கள். பெரிய ஜெயிலுக்கு மாற்றியிருந்தால் நல்லதுதான், அங்கே கட்டில் உண்டாம். மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது. ராஜம்மா என்னைப் பார்த்து, சாப்பிட்டியா என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஜூன் 19. வியாழன்

நான்கு மணிக்குக் காத்தன் வந்தார். யூனிஃபார்ம் இல்லை, பழுப்பு ஸ்வெட்டர். எனக்குச் சந்தோஷம். உட்காருங்க தம்பி, டீ போடறேன், என்ன நடிப்பு நடிச்சீங்க அன்னிக்கு என்று படபடவென்று பேசினேன். அவர் உட்காரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, மாலைய ஏன் கழட்டினீங்கோ?”

“உயிரோட இருக்கறவருக்கு எத்தினி நாளு மாலை போட்டு வெப்பாங்க?” என்று சிரித்தேன்.

பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜையில் பிரித்தார். இவருடைய கண்ணாடி. ஒரு பக்கம் கண்ணாடி இல்லை.

“நான் அன்னிக்குப் பொய் சொல்லல, அக்கா.”

ஜூன் 21. சனி

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாக்கப் கதவைத் திறந்து இவரைப் பார்த்தது காத்தன்தானாம். படியில் விழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்களாம். அந்த ஸ்டேஷனில் படியே கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். நேற்று இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. அதிலும் படி என்றுதான் இருக்கிறது.

மாதூபே இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறாள். அவளிடம்கூடச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இரண்டு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது மாலையைப் பற்றி. என் கையால் போட்டேனே, அதனால்தான் போனாரோ என்று. இன்று காலையில்தான் தேதி உறைத்தது. இவர் போனது பதினாலாம் தேதி. நான் மாலை போட்டது பதினாறாம் தேதி. நான் கொல்லவில்லை. அது தெரிந்ததும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இப்போது அழுகிறேன்.

பதினாலிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் ஜூன் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஃபேக்டரிப் பெண்கள் எல்லோரும் வருகிறோம் என்றார்கள். கற்பூரம் காட்டக் காத்தன் வருகிறேன் என்றார். பட்டியலில் ஒரு பெயர் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். மாதூபே ‘தணிகாசலம்’ என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். நான் ஹாலிலிருந்து உக்கோனா என்கிறேன்.

மாலையைத் திரும்பப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பொய் சொல்லி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.